உன் நாவலில் வரும் வாத்துகள் பற்றி

ஊ ஓன் ஷ்வே,
வாடகைப் புத்தகக் கடை,
படகுத்துறைச் சாலை, மௌபின்.
1994, தவுதலின் மாதம், தேய்பிறை நான்காம் நாள்.

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய என் மைத்துனர், எழுத்தாளர் மோங் பா சான் அவர்களுக்கு,

மும்மணிகளின் காவலில் நீயும் உன் மனைவியும் யாங்கோனில் உடலும் மனமும் ஒருசேர நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும், மழையையும் உன் அக்காளையும் தவிர வேறு தொந்தரவு இல்லாமல் நலமாக இருக்கிறோம். தந்தி அலுவலகத்தில் முப்பது வருடம் ஒவ்வொரு சொல்லாக எண்ணி எண்ணி அனுப்பியவன் நான். ஓய்வு பெற்றபின் எண்ணுவதை விட்டுவிட்டேன். ஆகவே கடிதம் கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்.

உன் கடிதம் வந்து நாற்பது நாள் ஆகிறது. ஏழு வருடம் உட்கார்ந்து எழுதிய முதல் நாவலைப் பற்றி யாங்கோன் பத்திரிகைகள் ஒரு வரிகூட எழுதவில்லை என்றும், மௌபின் வாசகர்களுக்குப் பொய் சொல்லத் தெரியாது, ஆகவே அவர்கள் சொல்வதை அப்படியே எழுதுங்கள் அத்தான் என்றும், பிடிக்கவில்லை என்றால் வருகிற தடிங்யுட் விளக்குத் திருவிழா முழுநிலவன்று இரண்டாவது நாவலின் கையெழுத்துப் பிரதியை அடுப்பில் போட்டுவிட்டு மாமனாரின் செருப்புக் கடையில் போய் உட்கார்ந்துவிடுவேன் என்றும் எழுதியிருந்தாய். படித்துவிட்டுப் பதறிப்போனேன். பதறியவன் உடனே பதில் எழுதியிருக்கலாமே என்பாய். உன் அக்காளும் அதைத்தான் சொல்கிறாள். "ஊர்ல இருக்கிற புத்தகத்துக்கெல்லாம் யார் என்ன சொன்னாங்கன்னு தாள் ஒட்டி வெச்சிருக்கீங்க. என் தம்பி புத்தகத்தைப் பத்திக் கேட்டா மட்டும் வாயில கொழுக்கட்டை." மூன்று நாளாக எனக்குத் தேநீர் ஆறிய பிறகுதான் வருகிறது. ஆகவே இன்று கடையை அரைக் கதவு சாத்திவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

உன் நாவலுக்கு வருமுன், மௌபின் வாசகர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். நீ ஊரைவிட்டுப் போய்ப் பதினெட்டு வருடமாகிறது, மறந்திருப்பாய். இவர்களுக்குப் புத்தகத்தைப் படித்தால் மட்டும் போதாது, அதன் மேல் எதையாவது எழுதியாக வேண்டும். போன வருடம் ஒரு துப்பறியும் நாவல் வந்தது. முதலில் எடுத்துப் போனவர் ஒன்பதாம் பக்கத்து ஓரத்தில் "கொலை செய்தது சமையல்காரன்" என்று எழுதிக் கொண்டுவந்து வைத்தார். அடுத்தவர் அதன் கீழே "அவசரப்படாதீர்கள். 140-ஆம் பக்கம் வரை பொறுத்தால் உண்மை தெரியும்" என்று எழுதினார். மூன்றாமவர் "இருவரும் முட்டாள்கள்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். அந்தக் கையெழுத்தைப் பார்த்தபின் மூவரும் சந்தையில் பேசிக்கொள்வதில்லை. அன்றைக்குத்தான் யோசித்து, ஒவ்வொரு புத்தகத்தின் கடைசியிலும் கோடு போட்ட தாள் ஒன்றை ஒட்டி, "உங்கள் அபிப்பிராயத்தை இங்கே மட்டும் எழுதவும்" என்று எழுதி வைத்தேன். எழுதினார்கள். இப்போது பாதிப் பேர் புத்தகத்தைத் தொடுவதில்லை, கடையிலேயே நின்று கடைசித் தாளை மட்டும் படித்துவிட்டுப் போகிறார்கள்.

படகுத்துறையில் மொகிங்கா மீன் நூடுல்ஸ் விற்கிற டோ செய்ன் ம்யா சமையல் புத்தகம் எடுத்துப் போனாள். "மொகிங்காவில் வாழைத்தண்டு எப்போது போடுவது என்று எழுதியிருப்பவர் வாழைத்தண்டைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் கற்பனை நன்றாக இருக்கிறது, கதை போலப் போகிறது" என்று தாளில் எழுதினாள். ஓய்வுபெற்ற படகு மேலாளர் ஊ தௌங் பே கனவு பலன் நூலை எடுத்துப் போய், "வெள்ளை யானையைக் கனவில் கண்டால் பதவி உயர்வு என்று இருக்கிறது. கண்டேன். ஓய்வுபெற்றவனுக்கு என்ன பலன் என்று ஆசிரியர் சொல்லவில்லை. யானை வீணாயிற்று" என்று எழுதினார். மாதிரிக் காதல் கடிதங்கள் என்று ஒரு நூல் இருக்கிறது. அதில் யாரோ ஒரு பையன் "ஏழாம் கடிதம் நன்றாக வேலை செய்கிறது" என்று எழுத, பலரும் அதை நம்பியிருக்கிறார்கள். கடைசியில் ஒரு பெண்ணின் கையெழுத்தில், "ஏழாம் கடிதம் எனக்கு மூன்று பேரிடமிருந்து வந்துவிட்டது. தயவுசெய்து எட்டுக்குப் போங்கள்" என்று இருக்கிறது. வெளிநாட்டு நாவலின் மொழிபெயர்ப்பு ஒன்றுக்கு உன் பழைய பள்ளித் தோழி மா கின் ஏ எழுதியதைக் கேள்: "எல்லோருக்கும் பெயர் ஒரு முழ நீளம். கடைசியில் ஒருவர் இறந்தார். யார் என்று தெரியவில்லை, இருந்தாலும் அழுதேன்." இவர்களைத்தான் நீ நீதிபதிகளாக வைத்திருக்கிறாய். செருப்புக் கடைக்குப் போவதா வேண்டாமா என்பதை இவர்களிடமா கேட்பது தம்பி?

சரி, உன் நாவலுக்கு வருகிறேன். «கடைசிப் படகின் விளக்கு» மழைக்காலத் தொடக்கத்தில் தபாலில் வந்தது. நீ அனுப்பியது ஒரே ஒரு பிரதி. புதுப் புத்தகத்தை வந்த கோலத்தில் வாடகைக்கு விட்டால் இந்த ஊர் ஈரத்தில் நாலு கை மாறுவதற்குள் துணி மாதிரி ஆகிவிடும் என்பது உனக்குத் தெரியும். வழக்கம்போல அட்டையைக் கழற்றி, தையலைப் பிரித்து, கட்டுக் கட்டாக எடுத்து வைத்து, கெட்டி நூலால் திரும்பத் தைத்து, தடித்த அட்டை போட்டு, மேலே பிளாஸ்டிக் சுற்ற வேண்டும். அன்றைக்கு உன் நாவலோடு «வாத்து வளர்ப்போருக்கு நல்வழி» என்கிற புத்தகத்தையும் பிரித்துப் போட்டிருந்தேன். இரண்டும் ஒரே அச்சகம், ஒரே காகிதம், ஒரே எழுத்து. பாதி வேலையில் கூரை ஒழுக ஆரம்பித்தது. உன் அக்காள் அரிசி மூட்டையைத் தூக்கக் கூப்பிட்டாள், நான் ஓடினேன், வந்து பார்த்தால் மேசையில் தண்ணீர். எல்லாவற்றையும் வாரி அணைத்து உள்ளே கொண்டுபோய் அன்று மாலையே தைத்து முடித்தேன். ஒரு தாள்கூட நனையவில்லை. இரண்டு புத்தகமும் அச்சு அசலாக ஒரே கனத்தில் வந்திருந்தன. பன்னிரண்டு வருடம் பழகிய கை என்று எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அன்றிலிருந்து உன் நாவல் கடையில் ஒரு நாள் தங்கியதில்லை. வரிசையில் இருபத்தாறு பேர். உன் அக்காள் பதினான்காவது. "அது என் தம்பி எழுதின புத்தகம்" என்றாள். "தம்பி எழுதினாலும் வரிசை வரிசைதான் மா ந்யோ" என்றேன். ஆறிய தேநீருக்கு அதுவும் ஒரு காரணம்.

முதல் இரண்டு மூன்று பேர் குழம்பினார்கள் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஊ தௌங் பே, "முதல் பாதி மெதுவாகப் போகிறது. மா ப்யூ வெள்ளத்தில் போன கணவனுக்காகப் படகுத்துறையில் விளக்கோடு காத்திருக்கிறாள், காத்திருக்கிறாள், காத்திருக்கிறாள். பிறகு திடீரென்று வாத்து வளர்க்க ஆரம்பித்துவிடுகிறாள். அதன்பின் விறுவிறுப்பு" என்று எழுதினார். அவருக்கு அடுத்தவள் டோ செய்ன் ம்யா. அவள் யாரையும் லேசில் பாராட்டுகிறவள் இல்லை. "புருஷன் போனபின் ஒரு பெண் என்ன செய்வாள்? நாவல்களில் அழுவாள். இவள் தவிட்டையும் நத்தையையும் கலந்து வாத்துக்குத் தீனி வைக்கிறாள். நானும் அப்படித்தான், என் புருஷன் போன மறுநாள் உலை வைத்தேன். எழுதியவருக்கு வாழ்க்கை தெரிந்திருக்கிறது. தீனியின் அளவும் சரியாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறாள். சமையல் புத்தகத்தில் கிடைக்காத நற்சான்று உனக்குக் கிடைத்திருக்கிறது.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் ஸயா டுன் வையின் அபிப்பிராயம். இலக்கிய வட்டத் தலைவர், எதையும் இரண்டு முறை படிக்கிறவர். தாள் போதாமல் தனியாக நாலு தாள் எழுதி ஒட்டியிருக்கிறார். பக்க எண் 144-க்குப் பிறகு 97 வருகிறதாம். துயரத்தில் காலம் பின்னோக்கி ஓடுவதை வெறும் பக்க எண்ணை வைத்தே காட்டிய எழுத்தாளர் நம் நாட்டில் வேறு யாரும் இல்லை என்கிறார். முட்டையை விளக்குக்கு முன்னால் பிடித்து உள்ளே உயிர் இருக்கிறதா என்று பார்க்கும் இடத்தைப் பற்றி மட்டும் ஒரு முழுத்தாள். தேநீர்க் கடையில் எல்லோர் முன்னாலும் அதை வாசித்தும் காட்டினார். "முதல் பாதியில அவ விளக்கைப் பிடிச்சுக்கிட்டு ஆத்தைப் பாத்தா. இப்ப அதே விளக்கில முட்டையைப் பாக்கிறா. யாரோட உயிரைத் தேடறா? ஏழாம் நாளும் உயிர் தெரியலேன்னா முட்டையை எடுத்துடணும்னு வருது. ஏழாம் நாள், கவனிச்சீங்களா? செத்தவங்களுக்கு நாம அன்னதானம் பண்ற நாள்." எல்லோரும் தலையாட்டினார்கள். ஊ தௌங் பே மட்டும், "அப்ப அந்த வாத்துக் காய்ச்சலுக்கு மருந்து சொல்ற இடம், ஸயா?" என்றார். "அது இன்னும் ஆழம். அதை அப்புறம் சொல்றேன்" என்றார் ஸயா. நடௌ மாத இலக்கியக் கூட்டத்துக்கு உன்னைத்தான் பேசக் கூப்பிடப் போகிறார்களாம். தலைப்புகூட வைத்துவிட்டார்கள், 'சொல்லப்படாத துயரமும் வாத்தும்'.

உன் அக்காளுக்கு மட்டும் ஒரு சந்தேகம். "கோ ஓன் ஷ்வே, என் தம்பிக்குச் சின்ன வயசுல வாத்துன்னாலே பயம். ஒரு தடவை துரத்துச்சுன்னு மரத்து மேல ஏறிட்டான். அவனுக்கு எப்படி இவ்வளவு தெரியும்?" என்றாள். எழுத்தாளர்கள் எதற்குப் பயப்படுகிறார்களோ அதைத்தான் எழுதுவார்கள் என்று விளக்கினேன். நானும் உன் நாவலை ஊன்றிப் படித்தேன், மிக உயர்வாக இருக்கிறது, குறிப்பாக வாத்துகள் வரும் பகுதி.

ஒரே ஒரு மனத்தாங்கல், அதையும் சொல்லிவிடுகிறேன். அக்கரையில் முந்நூறு வாத்து வைத்திருக்கிற கோ தா லே அந்த «நல்வழி» புத்தகத்தை எடுத்துப் போனவன் திருப்பியே தரமாட்டேன் என்கிறான். இரண்டு மாதமாகிறது. ஆள் பெரிய படிப்பாளி இல்லை, விரலை வைத்து வரிவரியாகப் படிக்கிறவன். படகில் எதிர்ப்படும்போதெல்லாம் கேட்கிறேன். "இன்னும் முடிக்கல அண்ணே" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். வாத்து வளர்ப்பில் முடிக்காமல் இருக்க என்ன இருக்கிறது? வாத்துக்காரர்கள் ஐந்து பேர் அந்தப் புத்தகத்துக்காகக் காத்திருக்கிறார்கள்.

ஆகமொத்தம் தம்பி, தீர்ப்பு உன் பக்கம். கையெழுத்துப் பிரதியை அடுப்பில் போடாதே. செருப்புக் கடைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல். மூத்தவன் என்ற முறையில் ஒரு சின்ன யோசனை மட்டும் சொல்கிறேன், இரண்டாவது நாவலிலும் வாத்து இருக்கட்டும். கொஞ்சம் அதிகமாகவே இருக்கட்டும். இங்கே எல்லோரும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். முடிந்தால் காத்திருக்கும் பகுதியைக் குறைத்துக்கொள்.

தடிங்யுட்டுக்கு நீ வந்து எங்களை வணங்கி ஆசி பெறும் வழக்கத்தைக் கடந்த நான்கு வருடமாக விட்டுவிட்டாய். பரவாயில்லை, ஆசியைத் தபாலிலேயே அனுப்புகிறேன். நோய் நொடி அண்டாமல், நினைத்தது நினைத்தபடி நடந்து, எழுதிய கை ஓயாமல் நூறு வயதும் அதற்கு மேலும் வாழ்வாயாக. உன் மாமனார், மாமியார், எதிர்வீட்டுப் பல் மருத்துவர் எல்லோருக்கும் எங்கள் நல்விசாரிப்பைச் சொல்.

என்றும் உன் நலம் நாடும் அத்தான்,
ஊ ஓன் ஷ்வே.

பின்குறிப்பு: மேலே உள்ளதையெல்லாம் எழுதி, உறையில் போட்டு, ஒட்டுவதற்குச் சோற்றுப் பருக்கை கேட்டு உன் அக்காளைக் கூப்பிட்டேன். அந்த நேரம் பார்த்துக் கோ தா லே வந்தான். தலையில் தண்ணீர் சொட்டுகிறது, கையில் வாத்துப் புத்தகம். பிளாஸ்டிக் பையில் போட்டு, அதைத் துண்டில் சுற்றி, நெஞ்சோடு பிடித்திருந்தான். ஒருவழியாகத் திருப்ப வந்துவிட்டான் என்று கையை நீட்டினேன். கொடுக்கவில்லை.

"அண்ணே, இதோட முன்பாதி எங்க?" என்றான்.

"முன்பாதி உன் கையிலதானே இருக்கு" என்றேன்.

"முன்பாதி வாத்து. அதைச் சொல்லல. வாத்து முட்டை போடறதை நிறுத்திடுச்சேன்னுதான் இதை எடுத்துப் போனேன். தொண்ணூத்தாறாம் பக்கம் வரைக்கும் ஒழுங்காப் போச்சு. 'நோய் கண்ட பெட்டை வாத்து தனியே ஒதுங்கி நின்று'ன்னு முடியுது. பக்கத்தைத் திருப்பினா, 'கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, அவர் வருவார் அம்மா என்றாள்'னு இருக்கு. வாத்து பேசுதேன்னு பாத்தேன். எந்த வாத்துன்னு தேடி ரெண்டு பக்கம் படிச்சேன். அப்புறந்தான் அது வாத்து இல்லேன்னு புரிஞ்சுது. அதுக்குள்ள விட முடியல அண்ணே."

அவன் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். 96-க்குப் பிறகு 145. தம்பி, உன்னிடம் மறைத்து என்ன பயன்? உன் நாவலை நான் தொண்ணூறு பக்கம்தான் படித்தேன், அதுவும் இரண்டு தடவை தூங்கி எழுந்து. அன்றைக்கு மழையில் வாரி அணைத்தபோது பாதிக்குப் பாதி மாறிவிட்டது. உன் முன்பாதியோடு வாத்தின் பின்பாதியையும், வாத்தின் முன்பாதியோடு உன் பின்பாதியையும் இந்தப் பன்னிரண்டு வருடம் பழகிய கையே தைத்திருக்கிறது. மேலே நான் எழுதியிருக்கிற பாராட்டில் பெரும்பங்கு, பெயர் தெரியாத ஒரு கால்நடை மருத்துவருக்குச் சேர வேண்டியது. உன் முடிவை இந்த ஊரில் படித்தவன் ஒரே ஒருவன், அவனும் வாத்து மேய்க்கிறவன்.

"அந்தக் கடைசிப் படகு வர்ற இடத்தை வீட்டுக்காரிக்குப் படிச்சுக் காட்டினேன்" என்றான் கோ தா லே. "பாதியில என்னால முடியல, அப்புறம் அவ எழுத்துக் கூட்டிப் படிச்சா. எங்க அண்ணனும் வெள்ளத்துலதான் போனான், உங்களுக்குத் தெரியும். அன்னையிலேர்ந்து எங்க அண்ணி பேசவே மாட்டா. அவளும் கூட உக்காந்து கேட்டா. மறுநாள் வந்து நேத்து படிச்சதைத் திரும்பப் படிங்கன்னு கேட்டா. தினம் கேக்கறா. அதனாலதான் குடுக்கல, கோவிச்சுக்காதீங்க. அந்தப் பொண்ணு யாரு, அந்த ஆள் எப்படிப்பட்டவன், மொதல்ல எப்படிப் பாத்துக்கிட்டாங்க, எதுவும் எங்களுக்குத் தெரியல. முன்பாதி இருந்தா குடுங்க."

அவனை உட்காரவைத்துவிட்டு நின்றபடியே 145-ஆம் பக்கத்தில் ஆரம்பித்தேன். உன் அக்காள் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். வரிசையை மீறி. நான் தடுக்கவில்லை. அவள் அடுப்பில் வைத்திருந்த சோறு தீய்ந்தது, இருவருமே போகவில்லை. மா ப்யூ விளக்கைத் தண்ணீரில் விடுகிற பக்கத்தில் எனக்கு எழுத்து தெரியவில்லை, மூக்குக் கண்ணாடியை இரண்டு தடவை துடைத்தேன். உன் அக்காள் உள்ளே போய்விட்டாள். வந்து எனக்குச் சூடாகத் தேநீர் வைத்தாள். எனக்கு அழுகை வந்தது தம்பி, சொல்ல வெட்கமில்லை. காத்திருக்கும் பகுதியைக் குறைக்கச் சொன்னேன் அல்லவா, ஒரு வரியும் குறைக்காதே.

ஸயா டுன் வையிடம் சொல்லும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை. கூட்டத்தில் வாத்தைப் பற்றி அவர் கேட்டால் நீ புன்னகை மட்டும் செய், மீதியை அவரே சொல்லிக்கொள்வார். இந்தக் கடிதத்தின் முன்பகுதியைக் கிழித்துப் போட்டுவிடு, பின்குறிப்பை மட்டும் வைத்துக்கொள். உன் நாவலை இப்போது எடுத்துப் போயிருப்பவரிடமிருந்து வாங்கிவந்து, நான் இன்று உட்கார்ந்து இரண்டையும் பிரித்துச் சரியாகத் தைத்துவிடுவேன். முழு நாவலும் முதலில் அக்கரைக்குத்தான் போகிறது, இருபத்தாறு பேரும் காத்திருக்கட்டும்.

கோ தா லே புத்தகத்தை என்னிடம் விட்டுவிட்டுப் படகேறிப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அவன் வாத்துகள் இன்னும் முட்டை போடவில்லை. வாத்துப் புத்தகத்தின் பின்பாதியில் அதற்கு மருந்து இருக்கிறது. அதை அவன் கேட்கவே இல்லை.